இடம் கிடைத்தது, எந்த நிலையில்?

எல்லையோரத் தமிழ் மாணவர்களும் முதுநிலைச் சேர்க்கையும்

ஆண்டுதோறும் பட்டப்படிப்பின் முடிவுகள் வெளியாகும் நாள்களில், கேரள எல்லையோரத்து வங்கிக் கிளைகளில் ஒரே காட்சி மீண்டும் மீண்டும் அரங்கேறுவதைக் காண்கிறோம். கொழிஞ்சாம்பாறையிலிருந்தோ மறையூரிலிருந்தோ ஒரு தந்தையோ தாயோ மகளை அழைத்துக்கொண்டு வருகின்றனர். அக்ஷயா மையத்தில் அச்சிட்ட தாள் ஒன்று மேசைமேல் வைக்கப்படுகிறது. "முதுகலையில் இடம் கிடைத்துவிட்டது, கடன் வேண்டும்" என்கின்றனர். தாளைப் படித்துப் பார்க்கும் அலுவலர், "இது இன்னும் தற்காலிகச் சேர்க்கைதானே அம்மா, கல்லூரியின் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டுமே" என்கிறார். வீட்டில் இனிப்பு வழங்கி முடித்துவிட்ட அக்குடும்பத்திற்கு அச்சொல் முகத்தில் அடித்தாற்போல் இருக்கிறது.

இதில் எவர்மேலும் பிழை இல்லை. 'இடம் கிடைத்தது' என்ற இரண்டு சொற்களுக்குள் பல நிலைகள் அடங்கியிருக்கின்றன. முதுநிலைப் படிப்பில் ஒரு மாணவரின் பெயருக்கு நேரே எந்த நிலை எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே கட்டணமும், உதவித்தொகையும், விடுதியும், கடனும், சில வேளைகளில் பட்டமே செல்லுமா என்பதும் அமைகின்றன. இரு மாநிலங்களின் விதிகள் சந்திக்கும் எல்லையில் வாழ்வோர்க்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. ஆகவே இவ்விதழில் இதைச் சற்று விரிவாகவே பேச விழைகிறோம்.

எல்லை வந்த கதையைச் சில வரிகளில் நினைவுகூர்வது நன்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடும், முன்னாள் கொச்சி அரசின் சித்தூர்ப் பகுதியும், திருவிதாங்கூரைச் சேர்ந்த தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் இணைந்தன. தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகம் வந்தன. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்றுதான் தனியாக உருவாயிற்று. வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை முதலிய பாலக்காட்டுச் சிற்றூர்களிலும், மூணாறு, வட்டவடை, காந்தளூர், வண்டிப்பெரியாறு முதலிய மலையூர்களிலும் தமிழே வீட்டு மொழியாகத் தொடர்கிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்துள்ளது. பள்ளியிலும் தமிழ்வழி உண்டு. பட்டப்படிப்பு முடிந்த பின்னரே பாதை இரண்டாகப் பிரிகிறது. மலையிறங்கிப் போடிக்கும் உடுமலைக்கும் கோவைக்கும் செல்வதா, கேரளத்திலேயே தொடர்வதா?

கேரளத்தில் தொடர்வோர்க்குத் தமிழ் முதுகலை கிடைக்காத பாடமன்று. சோகநாசினி ஆற்றங்கரையில் 1947-இல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழும், மூணாறு அரசுக் கல்லூரி கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழும் தமிழ் கற்பிக்கின்றன. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை உள்ளது. எஸ். வையாபுரிப்பிள்ளை பேராசிரியராக இருந்த துறை அது. மூணாறு கல்லூரி 2018 ஆகஸ்டு மழையின் நிலச்சரிவில் தன் கட்டடங்களை இழந்து, வேறிடங்களில் வகுப்பு நடத்த நேர்ந்த வரலாற்றையும் மலைமக்கள் அறிவர்.

இக்கல்லூரிகளில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முறை, பல்கலைக்கழகம் நடத்தும் மையப்படுத்தப்பட்ட ஒதுக்கீடாகும். மக்கள் வழக்கில் 'கேப்' என்றும் 'அலாட்மெண்ட்' என்றும் இதைச் சொல்கின்றனர். மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடங்களையும் வரிசைப்படுத்தித் தருகிறார். அவ்வரிசைக்கு 'ஆப்ஷன்' என்று பெயர். மதிப்பெண் தரவரிசைப்படி கணினி ஓர் இடத்தை ஒதுக்குகிறது. இங்கேதான் முதல் பிரிவு நேர்கிறது. முதல் விருப்பமே கிடைத்தவர் குறித்த நாளுக்குள் நிலையான சேர்க்கை பெற்றாக வேண்டும். தவறினால் அவர் ஒதுக்கீட்டு முறையிலிருந்தே நீங்கிவிடுவார். மூன்றாம், நான்காம் விருப்பம் கிடைத்தவர் பல்கலைக்கழகத்துக்குரிய கட்டணத்தை மட்டும் செலுத்தி, இடத்தைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மேல் விருப்பத்திற்குக் காத்திருக்கலாம். இதுவே தற்காலிகச் சேர்க்கை.

காத்திருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடுத்த ஒதுக்கீட்டில் மேல் விருப்பம் கிடைத்துவிட்டால், கையிலிருந்த இடம் தானாகவே வேறொருவர்க்குச் சென்றுவிடும். "பழைய கல்லூரியே போதும்" என்று அப்போது திரும்ப இயலாது. மூணாற்றில் வீட்டருகே இடம் பெற்ற மாணவி, கோட்டயத்துக் கல்லூரி ஒன்றைச் சும்மா மேலே எழுதி வைத்திருந்தால், ஒரு காலைப்பொழுதில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இடம் மாறியிருப்பதைக் காண நேரலாம். விடுதி வாடகை கட்ட இயலாத குடும்பத்திற்கு அது இடம் கிடைத்ததாக ஆகாது. இடம் இழந்ததாகவே ஆகும். போக இயலாத ஊரை விருப்பப் பட்டியலில் எழுதவே கூடாது. எழுதிவிட்டோமெனில், இருக்கும் இடமே போதும் என்று உணரும் நாளில் மேல் விருப்பங்களை இரத்துச் செய்துவிட வேண்டும். இதற்கான பொத்தான் விண்ணப்பப் பக்கத்திலேயே இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. நடைமுறையின் நுணுக்கங்கள் ஆண்டுக்காண்டு சற்றே மாறுவதால், அவ்வாண்டின் விளக்க ஏட்டைப் பார்த்துச் செய்வதே முறை.

'தற்காலிகம்' என்னும் சொல் இன்னொரு குழப்பத்தையும் விளைவிக்கிறது. பட்டச் சான்றிதழ் அச்சாகி வருமுன் பல்கலைக்கழகம் தருவதும் தற்காலிகச் சான்றிதழ்தான். அது முழுமையான தகுதிக்கு அடையாளம். பட்டம் வென்றாயிற்று, பட்டமளிப்பு விழா மட்டுமே மீதம் என்று பொருள். தற்காலிகச் சேர்க்கையோ, தகுதி இன்னும் உறுதியாகவில்லை அல்லது இடம் இன்னும் உறுதியாகவில்லை என்பதைக் குறிக்கும். ஒரே சொல் ஓரிடத்தில் நிறைவையும் மற்றோரிடத்தில் குறையையும் சொல்வது நம் அலுவலக மொழியின் விந்தைகளுள் ஒன்று.

தேர்வு முடிவு வராத நிலையில் சேர்த்துக்கொள்வது மூன்றாவது வகை. கோவைக் கல்லூரியில் இளநிலை படித்துவிட்டு மீண்டும் பாலக்காட்டுக்குத் திரும்பும் மாணவர்க்கு இது அடிக்கடி நேர்கிறது. இரு மாநிலங்களின் தேர்வு நாள்காட்டிகள் ஒத்துப்போவதில்லை. இறுதிப் பருவ முடிவை இன்ன தேதிக்குள் தருவேன் என்ற உறுதிமொழியின்பேரில் சேர்க்கை தரும் நிறுவனங்கள் உண்டு. தராத நிறுவனங்களும் உண்டு. தருபவை அத்தேதியில் கண்டிப்பாக இருக்கும். ஒரு தாளில் அரியர் வைத்திருப்பவர் இவ்வகையில் சேர்ந்து, அத்தாளில் தேறாமல் போனால், கட்டிய கட்டணத்தையும் ஓர் ஆண்டையும் சேர்த்தே இழக்கிறார். மாநிலம் கடந்து வருவோரிடம் இடப்பெயர்வுச் சான்றிதழும், அவர்தம் பட்டத்தைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்கிறது என்னும் தகுதிச் சான்றும் கேட்கப்படலாம். இவை ஒரே நாளில் கிடைக்கும் தாள்கள் அல்ல. இளநிலை இறுதிப் பருவத் தேர்வு எழுதிய கையோடு மைக்ரேஷனுக்கு விண்ணப்பித்துவிடுவதே எல்லையோர மாணவர்க்கு ஏற்றது.

இனி, எல்லாவற்றினும் கனமான பகுதிக்கு வருகிறோம். இடம் பொதுத் தகுதியில் கிடைத்ததா, ஒதுக்கீட்டிலா என்ற வினா அது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பாட்டனார் கங்காணியின் அழைப்பில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறியவர். தந்தையும் தாயும் பிறந்ததும் கொழுந்து கிள்ளியதும் லயத்திலேயே. பிள்ளைக்குத் தமிழகத்தில் சொந்தமென்று ஒரு சென்ட் நிலமும் இல்லை. எனினும் பட்டியல் சாதிச் சான்றுக்குக் கேரளக் கிராம அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது, "உங்கள் முன்னோர் எப்போது இங்கு வந்தார்கள்?" என்று கேட்கப்படுகிறது. காரணம் இதுதான். பட்டியல் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியாயிற்று. பட்டியல் மாநிலவாரியானது. அந்நாளுக்குப் பின் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றிற்குக் குடிபெயர்ந்தவர், தம் சமூகத்தின் பெயர் இரு பட்டியல்களிலும் இருந்தாலும்கூட, குடிபுகுந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018-இல் பீர் சிங் வழக்கிலும் உறுதிப்படுத்தியுள்ளது.

அந்நாளுக்கு முன்பே குடும்பம் மலையில் வாழ்ந்தது என்று காட்ட முடிந்தால் நிலைமை வேறு. 1950-க்கு முன்பிருந்த வாழ்வை எதைக் கொண்டு காட்டுவது? பட்டா இல்லாத மக்கள் அவர்கள். தோட்ட நிர்வாகத்தின் பழைய ஊழியர் பதிவேடும், வைப்புநிதிக் கணக்கும், தோட்டப் பள்ளியில் தாத்தாவோ பாட்டியோ படித்ததற்கான சேர்க்கைப் பதிவும் இங்கே விலைமதிப்பற்ற ஆவணங்களாகின்றன. பழைய தகரப் பெட்டிக்குள் கிடக்கும் ஒரு சம்பளச் சீட்டு பேரப்பிள்ளையின் முதுகலைக் கட்டணத்தை முடிவுசெய்யக்கூடும். வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே இவற்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவற்றின் படிகளைக் கிளையின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைப்போரும் உள்ளனர். நகையைவிட அதற்குத்தான் அப்பெட்டகம் ஏற்றது என்பது எம் கருத்து.

சான்று கிடைக்கவில்லை எனில் கதவு முற்றிலும் அடைபட்டுவிடுவதில்லை. பலர் அறியாத செய்தி இது: தந்தையின் பூர்விக மாநிலத்தின் அடிப்படையில் வழங்கப்படும் பட்டியல் சாதிச் சான்று, மத்திய அரசின் நிறுவனங்களில் செல்லும். பாலக்காடு ஐ.ஐ.டி.யும், காசர்கோட்டுப் பெரியாவிலுள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் அத்தகையவை. கேரள அரசின் இடத்திற்குச் செல்லாத சான்று, அதே மாவட்டத்து ஐ.ஐ.டி.யில் செல்லும், நடுவே சில கிலோமீட்டர்தான். பிற்படுத்தப்பட்டோர்க்கும் பட்டியல்கள் வேறுபடுகின்றன. தமிழகத்தில் பட்டியலில் உள்ள ஒரு சமூகம் கேரளப் பட்டியலில் இல்லாதிருக்கலாம். மத்திய நிறுவனங்கள் மத்தியப் பட்டியலையே பார்க்கும். கிரீமிலேயர் அல்லாதவர் என்ற நடப்பாண்டுச் சான்றையும் கேட்கும்.

எல்லையைத் தாண்டித் தமிழகம் செல்வோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். தமிழகத்தின் அரசு இடங்களில் பிற மாநிலத்தவர் பொதுப்பிரிவினராகவே கருதப்படுவர். வீட்டில் தமிழ் பேசுவதும் தமிழ்வழியில் படித்ததும் இருப்பிடச் சான்றுக்கு ஈடாகா. இரு மாநிலங்களுக்கும் நடுவில் நிற்கும் குடும்பம், ஒரு பக்கம் 'வந்தவர்' என்றும் மறுபக்கம் 'போனவர்' என்றும் எழுதப்படுகிறது. இதன் நியாய அநியாயம் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் பேச வேண்டியது. விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்பதை மட்டுமாவது நாம் முன்கூட்டியே தெளிந்துகொள்ளலாம். தகுதியில்லாத பிரிவில் குறியிட்டுப் பெற்ற இடம், சான்று சரிபார்க்கும் நாளில் பறிபோகும். பொதுப்பிரிவில் கிடைத்திருக்கக்கூடிய இடத்தையும் அதற்குள் வேறொருவர் பெற்றிருப்பார்.

சுயநிதிக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் இவற்றோடு சமுதாய ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு என்பனவும் உள்ளன. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர்க்குக் கட்டணச் சலுகைகள் பொதுவாக எட்டுவதில்லை. வங்கிகளுக்கும் இவ்வேறுபாடு உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம், நுழைவுத் தேர்வின் வழியாகவோ மதிப்பெண் தகுதியின் வழியாகவோ சேர்ந்தவரை மனத்தில் வைத்து வரையப்பட்டது. நிர்வாக ஒதுக்கீட்டினர்க்குக் கடன் தருவது அந்தந்த வங்கியின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது. எனவே, இடத்திற்கு முன்பணம் கட்டிவிட்டுக் கிளைக்கு வருவதைவிட, கிளையில் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுவது நல்லது.

நாள்தோறும் வகுப்புக்குச் செல்லும் முழுநேர மாணவர் என்ற நிலை ஒன்று. தொலைநிலை மாணவர் என்ற நிலை மற்றொன்று. ஏலத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டோ, திருமணமாகிக் குழந்தையை வளர்த்துக்கொண்டோ படிப்போர்க்குத் தொலைநிலைதான் வழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்புடன் தொலைநிலையில் பெறும் பட்டம், நேர்முறையில் பெறும் பட்டத்திற்குச் சமமானது என்பது விதியிலேயே எழுதப்பட்டுள்ளது. ஏற்பு என்பதே இங்கே உயிர்நாடி. ஏற்பு நிறுவனத்திற்கு மட்டுமன்று, ஒவ்வொரு பாடத்திற்கும் தனித்தனியே வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தன் மாநில எல்லைக்கு வெளியே கல்வி மையம் நடத்தக் கூடாது என்பதும் மானியக் குழுவின் நிலைப்பாடு. முன்பு கேரள எல்லையூர்களின் மாடிப்படி ஓரங்களில் 'இங்கே முதுகலை சேர்க்கப்படும்' என்ற பலகைகள் தொங்கியதைப் பலர் பார்த்திருப்பர். அத்தகைய இடங்களில் பணம் கட்டுமுன், மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையத்தில் வெளியிடும் பட்டியலைப் பார்ப்பது இன்றியமையாதது. 2024 முதல் தொலைநிலை மாணவர் தாமே 'டெப் ஐடி' என்னும் எண்ணை உருவாக்கிக்கொண்ட பின்னரே சேர இயலும். முகவர் ஒருவர் "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றால் ஐயுறுவதற்கு இதுவே போதிய காரணம். கேரளத்தில் இதற்கெனவே 2020-இல் கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்ரீநாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. நாடு முழுமைக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உள்ளது.

2022 ஏப்ரலில் மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களுக்குப் படிக்கவும் இசைவளித்தது. ஒன்று நேர்முறையிலும் மற்றொன்று தொலைநிலையிலும் அமையலாம். வகுப்பு நேரங்கள் மோதாதெனில் இரண்டும் நேர்முறையில் அமையலாம். இரண்டும் தொலைநிலையிலும் அமையலாம். முனைவர் பட்டத்திற்கு இவ்விசைவு இல்லை. மாணவர் சேர்ந்துள்ள பல்கலைக்கழகம் இதை ஏற்றுக்கொண்டுள்ளதா என்று எழுத்தில் கேட்டறிவது நன்று. மூல மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு அலுவலகங்கள் அதையே கேட்கும்போது சிக்கல் எழுவது இயல்பு.

ஆய்வுப் படிப்பில் நிலைகளின் வகை இன்னும் பெருகுகிறது. 2015-இல் பாலக்காடு ஐ.ஐ.டி. தன் முதல் வகுப்புகளை நடத்தியது கோழிப்பாறையில், தமிழ் பேசும் எல்லையூர்களின் நடுவே, ஒரு தற்காலிக வளாகத்தில் என்பதைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. பின்னரே அது புதுச்சேரி ஊராட்சியின் நிலையான வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது. ஐ.ஐ.டி.க்களில் ஆய்வு மாணவர் என்ற ஒரே சொல்லுக்குள் பலர் இருக்கின்றனர். நிறுவனத்தின் உதவித்தொகையில் படித்துக்கொண்டு, அதற்கு ஈடாக வாரத்திற்குச் சில மணிநேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ துணைபுரிபவர் ஒருவர். நெட் தேர்வில் வென்று இளநிலை ஆய்வுநல்கையைத் தாமே கொண்டுவருபவர் மற்றொருவர். தாம் பணிபுரியும் நிறுவனம் அனுப்பிவைக்க வருபவரும், வேலையை விடாமல் பகுதிநேரமாகப் பதிவுசெய்பவரும் உள்ளனர். முதல் இரு வகையினர்க்கு மாத வருமானம் உண்டு. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வுநல்கை மாதம் ரூ.37,000, முதல் ஈராண்டுக்குப் பின் முதுநிலை நல்கை ரூ.42,000. கேட் தேர்வு வழியாக எம்.டெக். சேர்வோர்க்கு மாதம் ரூ.12,400. பகுதிநேரத்தவர்க்கு நல்கை கிடையாது. பணியளிப்பவரின் தடையின்மைச் சான்றும் தர வேண்டும்.

நெட் தேர்வின் முடிவும் 2024 ஜூன் முதல் மூன்று நிலைகளில் அறிவிக்கப்படுகிறது. ஆய்வுநல்கை, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கை ஆகிய மூன்றும் பெறுவோர் முதல் நிலை. பின்னிரண்டை மட்டும் பெறுவோர் இரண்டாம் நிலை. முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோர் மூன்றாம் நிலை. பின்னிரு நிலையினர் பெற்ற மதிப்பெண் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஓராண்டுக்கே செல்லும். உறவினர்களிடம் "நெட் பாஸ்" என்று சொல்லும்போது எந்த நிலை என்று எவரும் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் அதைத்தான் முதலில் கேட்கும்.

2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்த முனைவர் பட்ட ஒழுங்குமுறை, படிப்புக்காலத்தைக் குறைந்தது மூன்றாண்டு, மிகுதியாக ஆறாண்டு என வரையறுத்தது. மறுபதிவின் வழியாக மேலும் ஈராண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டிற்கு மேல் மாற்றுத்திறன் உடையோர்க்கும் அதற்கும் மேல் ஈராண்டு உண்டு. மகப்பேற்றுக்கும் குழந்தை பராமரிப்புக்குமாக 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். இவ்விதி வந்தபின்னும், மகப்பேற்றுக்காகப் படிப்பையே கைவிடும் பெண்களைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். விடுப்புக்கு விண்ணப்பித்தால் பதிவு உயிரோடு இருக்கும். சொல்லாமல் நின்றுவிட்டால் பதிவு இறந்துவிடும். எம்.ஃபில். பட்டத்தை இவ்வொழுங்குமுறையே நிறுத்திவிட்டது. இன்னும் அதைச் சேர்ப்பதாக எவரேனும் விளம்பரம் செய்தால் விலகியிருப்பதே அறிவுடைமை. தொலைநிலையில் முனைவர் பட்டம் என்பதும் கிடையாது. பகுதிநேரம் என்பது வேறு, தொலைநிலை என்பது வேறு.

படிப்பின் இடையே நேரும் நிலைமாற்றங்களைப் பலர் வங்கிக்குத் தெரிவிப்பதில்லை. வருகைப்பதிவு 75 விழுக்காட்டிற்குக் குறைந்தால் தேர்வெழுதத் தடை வரும். சிறு குறைவைக் கட்டணம் செலுத்தி மன்னிப்பாகப் பெறலாம். பெரிய குறைவுக்கு அடுத்த ஆண்டு இளையோருடன் மறுசேர்க்கை பெற வேண்டும். நோய், இழவு, வேலையின்மை என்று காரணங்கள் பல. மறுசேர்க்கை உண்டு எனில் மாணவர் இன்னும் மாணவர்தாம். ஆனால் மாற்றுச் சான்றிதழை வாங்கிவிட்டால் கல்லூரியின் பெயர்ப்பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். கோபத்திலோ கலக்கத்திலோ டி.சி. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் பொறுப்பது நல்லது.

கடனுக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு உண்டு. மாதிரித் திட்டத்தின்படி திருப்பிச் செலுத்துவது படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பின்னரே தொடங்கும். குறித்த காலத்தில் படிப்பு முடியாவிடில் ஈராண்டு வரை நீட்டிப்பு அளிக்கவும் அத்திட்டத்தில் இடமுண்டு. ஆயினும் அது கேட்டவர்க்கே கிடைக்கும். படிப்பு இடைநின்ற செய்தி கிளைக்கு வராவிடில், கணினி பழைய நாள்கணக்கிலேயே தவணையைத் தொடங்கிவிடும். தவணை தவறும், கடன்மதிப்பு குறையும், அது பெற்றோரையும் இணைக்கடனாளி என்ற முறையில் பாதிக்கும். ஒவ்வோராண்டும் போனஃபைட் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் கிளை கேட்பது உங்களை ஐயுற்று அன்று. உங்கள் நிலையைக் கணக்கில் சரியாக எழுதிவைப்பதற்கே.

தொகைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம். மாதிரித் திட்டத்தில் ரூ.4 இலட்சம் வரை ஈடும் மாணவரின் பங்குத்தொகையும் கேட்கப்படுவதில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 விழுக்காடும், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 விழுக்காடும் மாணவரின் பங்கு. ரூ.7.5 இலட்சத்திற்கு மேல் சொத்து ஈடு வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை இசைவளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் தேர்ந்த நிறுவனங்களில் சேர்வோர்க்கு ஈடும் பிணையமும் இன்றிக் கடன் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 இலட்சத்திற்கு உட்பட்டு, வேறு அரசு உதவி பெறாதோர்க்கு, ரூ.10 இலட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக்காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. விண்ணப்பம் இணையத்தில், கிளையை நாமே தேர்ந்தெடுக்கலாம். எனவே தமிழ் பேசும் அலுவலர் உள்ள கிளையைத் தேர்ந்தெடுப்பதற்கும் தடையில்லை.

வெளிநாடு செல்வோர் எண்ணிக்கையும் மலையூர்களில் மெல்ல வளர்ந்துவருகிறது. அங்கும் இதே கதை வேறு பெயர்களில் நடக்கிறது. பிரிட்டனில் முதலில் வருவது பெரும்பாலும் நிபந்தனைச் சேர்க்கை. இறுதி மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்வும் தந்த பின் நிபந்தனை நீங்கும். அதன் பின்னரே விசாவுக்குரிய 'காஸ்' எண் கிடைக்கும். அமெரிக்காவில் 'ஐ-20' படிவம் அவ்விடத்தை வகிக்கிறது. அங்கே முதுநிலையில் முறையான மாணவர், நிபந்தனையோடு சேர்க்கப்பட்டவர், பட்டம் நாடாமல் சில பாடங்களை மட்டும் படிப்பவர் என்று பிரிவுகள் பல. எஃப்-1 விசாவில் சென்றவர் முழுநேர மாணவராகவே நீடிக்க வேண்டும். இசைவின்றிப் பாடச்சுமையைக் குறைத்தால் விசாநிலையே குலையும். நிபந்தனைக் கடிதத்தைக் காட்டிக் கொள்கையளவில் கடன் ஒப்புதல் கேட்கலாம். பணம் செல்வது நிபந்தனை நீங்கிய பின்னர், அதுவும் நேரே பல்கலைக்கழகத்திற்கே.

அண்மையில் தோன்றிய புதிய கவலை ஒன்றோடு நிறுத்துகிறோம். கேரளத்தில் 2024 ஜூலை 1 அன்று நான்காண்டு இளநிலைப் படிப்பு தொடங்கியது. அவ்வணியினர் 2027-இல் மூன்றாண்டு முடித்து வெளியேறி ஈராண்டு முதுநிலையில் சேரலாம். அல்லது நான்காம் ஆண்டும் தொடர்ந்து 'ஹானர்ஸ்' பெற்று ஓராண்டு முதுநிலையில் சேரலாம். நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் நேரடியாக முனைவர் பட்டத்திற்கே விண்ணப்பிக்கலாம். ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. அண்டை மாநிலத்தில் மூன்றாண்டுப் பட்டம் பெற்றுத் திரும்பும் பிள்ளையும், சித்தூரில் நான்காண்டு முடித்த பிள்ளையும் ஒரே முதுநிலை வகுப்பின் வாசலில் வெவ்வேறு நிலைகளில் நிற்பர். இளநிலையில் பயிலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே துறைத்தலைவரைக் கண்டு, எந்த ஆண்டில் எந்தச் சான்றோடு வெளியேறப் போகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த விடையைக் கையில் கொண்டு கிளைக்கு வந்தால், எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு கடன் என்ற கணக்கை அன்றே போட்டுத் தந்துவிடலாம்.